தனிமனித அறமும் அரசியல் கொள்கையும்: மதுவிலக்கு வரலாற்றை முன்வைத்து

1. சிக்கல்

எது நல்லது, எது தீயது என்று ஒருவர் தம் வாழ்வுக்கு வகுத்துக்கொண்ட முடிவுகளே அவருடைய தனிமனித அறம். பொய் சொல்லாமை, குடியாமை, பெரியோரை மதித்தல், வாங்கிய கடனைத் திருப்பித் தருதல் போன்றவை அதில் அடங்கும். அரசு எதைச் செய்ய வேண்டும், எதில் தலையிடக் கூடாது, செல்வமும் அதிகாரமும் யாரிடம் எவ்வளவு இருக்கலாம் என்பவை பற்றிய ஒழுங்குபட்ட கருத்துத் தொகுதி அரசியல் கொள்கை. முன்னது எப்படி வாழ்வது என்ற கேள்விக்கு விடை. பின்னது எப்படிச் சேர்ந்து வாழ்வது என்ற கேள்விக்கு விடை.

இவ்விரண்டின் உறவைப் பற்றி இரண்டு கருத்துகள் மக்களிடையே பரவலாக உள்ளன. அறத்திலிருந்தே கொள்கை நேராக விளைகிறது, ஆகவே மாற்றுக் கொள்கையாளர் அறம் குறைந்தவர் என்பது ஒன்று. அரசியலில் நலனும் அதிகாரமுமே உண்டு, அறத்துக்கு அங்கே இடமில்லை என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றோடு பொருந்துவதில்லை. ஒரே அறத்தை உயிராகப் போற்றியவர்கள் எதிரெதிர் அணிகளில் நின்றிருக்கிறார்கள். நலன் மட்டுமே பேசியிருக்க வேண்டிய இடத்தில் அரசுகள் அறத்துக்காகப் பெரும் வருவாயை இழந்தும் இருக்கின்றன.

தனிமனித அறம் ஒன்று அரசியல் கொள்கையாக மாறும் வழியில் மூன்று கேள்விகள் நிற்கின்றன. அந்த அறம் மீறப்படும்போது பாதிக்கப்படுபவர் யார்? அதைக் காக்க அரசு கட்டாயத்தைப் பயன்படுத்தலாமா? அதற்கான விலையை யார் தருவது? மனிதர்களை வெவ்வேறு கொள்கையாளர்களாகப் பிரிப்பவை பெரும்பாலும் இக்கேள்விகளுக்கு அவர்கள் தரும் விடைகளே. இதை விளக்க மதுவிலக்கை விடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. குடியாமை முற்றிலும் தனிமனித ஒழுக்கமாகத் தொடங்கி, கடந்த இருநூறு ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லா அரசியல் கொள்கைகளின் கையிலும் ஆயுதமாக இருந்திருக்கிறது.

2. உளவியல் ஆய்வுகள்

விழுமியங்களுக்கும் கொள்கைகளுக்கும் உள்ள தொடர்பை அளந்து பார்க்க முயன்றவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் மில்டன் ரோக்கீச். சுதந்திரம், சமத்துவம் என்னும் இரண்டு விழுமியங்களுக்கு ஒருவர் தரும் இடத்தைக் கொண்டே அவருடைய அரசியலை அடையாளம் காணலாம் என்பது 1973இல் வெளிவந்த அவருடைய நூலின் வாதம். சோசலிச எழுத்தாளர்கள், லெனின், ஹிட்லர், அமெரிக்கப் பழைமைவாதத் தலைவர் பாரி கோல்டுவாட்டர் ஆகியோரின் எழுத்துகளில் இவ்விரண்டும் எவ்வாறு பேசப்படுகின்றன என்று அவர் கணக்கிட்டார். சோசலிசர்கள் இரண்டையும் உயர்வாக வைத்தனர். லெனினிடம் சமத்துவம் உயர்ந்தும் சுதந்திரம் தாழ்ந்தும் இருந்தது. கோல்டுவாட்டரிடம் அது தலைகீழாக இருந்தது. ஹிட்லரிடம் இரண்டுமே தாழ்ந்திருந்தன.

ஜொனாதன் ஹைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை விரிவாக்கினர். பரிவு, நியாயம், தன் குழுவிடம் விசுவாசம், அதிகாரத்துக்கு மதிப்பு, தூய்மை ஆகிய ஐந்தையும் மனிதரின் அற உணர்வுக்கு அடித்தளங்களாக அவர்கள் கண்டனர். அமெரிக்க இடதுசாரிகள் முதல் இரண்டையே பெரிதும் சார்ந்து முடிவெடுக்கின்றனர் என்றும், பழைமைவாதிகள் ஐந்தையும் ஏறத்தாழச் சமமாகக் கொள்கின்றனர் என்றும் அவர்களின் ஆய்வுகள் காட்டின. மாற்றுக் கட்சிக்காரரும் ஓர் அற உணர்விலிருந்துதான் பேசுகிறார் என்பதை நிறுவியது இந்த ஆய்வின் நன்மை.

ஆனால் இந்த உறவு ஒருவழிப் பாதையன்று. அரசியல் சார்பு அறத்தை மாற்றவும் செய்கிறது. தனி வாழ்வில் ஒழுக்கக்கேடான செயலைச் செய்த ஒருவர் பொதுப்பதவியில் நேர்மையாகக் கடமையாற்ற முடியுமா என்ற கேள்வியை அமெரிக்காவின் பப்ளிக் ரிலிஜன் ரிசர்ச் இன்ஸ்டிடியூட் 2011இல் கேட்டபோது, வெள்ளையின நற்செய்திக் கிறித்தவர்களில் 30 சதவீதத்தினரே முடியும் என்றனர். 2016இல் டொனால்டு டிரம்ப் அவர்களின் வேட்பாளராக நின்ற வேளையில் அதே விடையைத் தந்தவர்கள் 72 சதவீதம். இந்த ஐந்தாண்டுகளில் அவர்களுடைய வேதநூல் மாறவில்லை; மாறியது அவர்கள் ஆதரிக்க வேண்டியிருந்த மனிதர். அறம் கொள்கையை உருவாக்குவது போலவே, கட்சிப் பற்றும் அறத்தை வளைக்கிறது என்பதற்கு இது கண்கூடான சான்று.

3. ஒரே விழுமியம், பல கொள்கைகள்

குடியாமை பழைய விழுமியம். பௌத்தத்தின் ஐந்தொழுக்கத்தில் அதற்கு இடமுண்டு. சங்கப் பாடல்களில் அரசரும் புலவரும் கள்ளுண்டு மகிழும் காட்சிகள் இயல்பாக வருகின்றன; பின்வந்த அறநூல்கள் கள்ளைக் கடிந்தன. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். புலால் மறுத்தலும் கள்ளாமையும் அறத்துப்பாலில் இடம்பெற, கள்ளுண்ணாமை சூதுக்கு முன்னதாகப் பொருட்பாலில் அமைந்திருப்பது கருதத்தக்கது. ஆட்சியும் நட்பும் செல்வமும் பேசப்படும் பகுதியில் வைக்கப்பட்டதால், குடி அங்கே மதிப்பையும் நிலையையும் அழிக்கும் கேடாகவே முதன்மையாகப் பார்க்கப்படுகிறது. ஆயினும் அறிவுரைதான் அங்கே உண்டு. குடிப்பவனை அரசன் தண்டிக்க வேண்டும் என்ற விதி இல்லை.

அந்த விதியைக் கேட்ட முதற்பெரும் இயக்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தன. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 1851இல் மது விற்பனையைத் தடைசெய்தது. அதைப் பின்பற்றி இங்கிலாந்திலும் தடை வேண்டும் என்று 1853இல் மான்செஸ்டரில் ஓர் அமைப்பு உருவாயிற்று. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இந்த அமைப்பின் வாதத்தையே எடுத்துக்கொண்டு மறுத்தார். விற்பவனைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், சட்டம் உண்மையில் பறிப்பது வாங்குபவனின் சுதந்திரத்தைத்தான் என்பது அவர் கருத்து. குடித்துப் பிறரைத் தாக்கியவனைத் தண்டிக்கலாம், குடித்ததற்காகவே தண்டிக்கலாகாது.

அதே தாராளவாத மரபில் வந்த ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் டி.எச். கிரீன், 1881இல் ஆற்றிய உரையொன்றில் எதிர் முடிவுக்கு வந்தார். தடையின்மை மட்டும் சுதந்திரம் ஆகாது. தன் ஆற்றல்களைப் பயன்படுத்திப் பொது நன்மையில் பங்கெடுக்க முடிவதே சுதந்திரம். குடிக்கு அடிமையானவரின் கேடு மனைவி மக்கள்மேலும் விழுகிறது. எனவே மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் சுதந்திரத்தை வளர்க்கிறது என்றார் கிரீன். இருவருமே சுதந்திரத்தை உச்சியில் வைத்தவர்கள். பாதிக்கப்படுபவர் யார் என்ற முதல் கேள்விக்கு அவர்கள் தந்த விடையே அவர்களைப் பிரித்தது. அந்தப் பிரிவிலிருந்துதான் அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பழைய தாராளவாதமும், அரசு கைகொடுக்க வேண்டும் என்ற புதிய தாராளவாதமும் கிளைத்தன.

அமெரிக்காவில் 1919இல் ஏற்கப்பட்டு 1920இல் நடப்புக்கு வந்த நாடு தழுவிய மதுவிலக்கு, ஒரே கொள்கையாளர் கூட்டத்தின் சாதனையன்று. நற்செய்தித் திருச்சபைகள், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர்கள், தொழிலாளர் நிலையை உயர்த்த விரும்பிய சீர்திருத்தக்காரர்கள், குடியேறி வந்த கத்தோலிக்கரின் மதுக்கூடங்களை வெறுத்தவர்கள் எனப் பலரும் அதில் கைகோத்தனர். பரிவும் இருந்தது, பகைமையும் இருந்தது. 1933இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ரஷ்யாவில் 1914இல் ஜார் மன்னர் போருக்காக வோட்காவைத் தடைசெய்தார். பின்னர் ஆட்சியைக் கைப்பற்றிய போல்ஷெவிக்குகள் அந்தத் தடையைத் தொடர்ந்தனர். 1925இல்தான் அரசே மீண்டும் வோட்கா விற்கத் தொடங்கியது. மன்னராட்சிக்கும் பொதுவுடைமைக்கும் பொதுவாக இருந்த இந்தத் தடை, எந்த விழுமியத்துக்கும் ஒரு கட்சியின் முத்திரை நிரந்தரமாக இல்லை என்பதைக் காட்டுகிறது.

4. சென்னை மாகாணம்: ஈ.வெ.ரா., இராஜாஜி

பிரிட்டிஷ் ஆட்சியில் கள், சாராயத்தின் மீதான ஆயத்தீர்வை மாகாண வருவாயின் பெரிய ஊற்றுகளில் ஒன்று. கள்ளுக்கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. இதனால் குடியாமை என்ற தனி ஒழுக்கம் அந்நிய ஆட்சியின் கருவூலத்தோடு மோதும் அரசியல் செயலாக மாறியது. காந்தியடிகள் 1930 ஜனவரியில் வைசிராய் முன் வைத்த பதினொரு கோரிக்கைகளில் முதலாவது முழு மதுவிலக்கு.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921இல், ஈரோட்டில் ஈ.வெ. இராமசாமி (பெரியார்) கள்ளுக்கடை மறியலை நடத்தினார். கள் இறக்கப் பயன்படக் கூடாது என்று தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னை மரங்களை வெட்டச் செய்தார். மறியலில் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றனர். தம் சொத்தை அழித்து அறத்தைக் காட்டிய செயல் அது. 1925இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறிச் சுயமரியாதை இயக்கத்தைக் கட்டினார். தனிமனித உரிமையும் பகுத்தறிவும் அதன் அடித்தளம் ஆயின. பிற்காலத்தில் சட்டத்தால் திணிக்கப்படும் மதுவிலக்கை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். உண்பதும் குடிப்பதும் ஒருவரின் சொந்தத் தேர்வு. அதை அரசு கட்டாயப்படுத்துவது வீண் என்பது அவர் நிலை. குடியைப் போற்றுபவராக அவர் மாறிவிடவில்லை. கட்டாயம் தகுமா என்ற இரண்டாம் கேள்விக்கு அவர் தந்த விடை மாறியிருந்தது.

இராஜாஜியின் வழி வேறு. 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த அவர், மதுவிலக்கைப் பரப்புவதற்கென்றே ‘விமோசனம்’ என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். பின்னர் வேறு சில மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. குடித்தவர் செலுத்திவந்த வரியின் சுமை பொருள் வாங்கும் அனைவருக்கும் பகிரப்பட்டது. அறத்தின் விலையை யார் தருவது என்ற மூன்றாம் கேள்விக்கு அவர் அளித்த விடை இது. அது நேர்மையான விடை. மதுவிலக்கு செலவில்லாமல் கிடைக்கும் என்று அவர் மக்களிடம் நடிக்கவில்லை. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி நிறுத்திவைத்த மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 அன்று ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதற்கும் வந்தது.

இதே இராஜாஜிதான் 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தொழிலிலும் வாணிகத்திலும் அரசின் உரிம ஆட்சி ஒழிய வேண்டும், அரசின் தலையீடு குறைய வேண்டும் என்பது அக்கட்சியின் உயிர்க்கருத்து. வாணிகம் செய்பவரின் தேர்வில் தலையிடாத அரசு, குடிப்பவரின் தேர்வில் மட்டும் தலையிடலாமா? மேலோட்டமாகப் பார்த்தால் இது முரண்பாடு. கிரீனின் வழியில் பார்த்தால் இதில் ஒருமை தெரியும்: போதை, தேர்வு செய்யும் ஆற்றலையே கெடுப்பதாகக் கொண்டால், அதைத் தடுப்பது சுதந்திரத்துக்குச் செய்யும் தொண்டாகிறது. அரசைக் குறைக்க வேண்டும் என்ற இராஜாஜி மதுவிலக்கைக் கேட்டார். சமூகத்தை அடியோடு மாற்ற வேண்டும் என்ற பெரியார் அதை மறுத்தார். வலம், இடம் என்ற பிரிவால் இந்த இருவரையும் விளக்க முடியாது.

5. அரசியல் நிர்ணய சபை விவாதம்

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் மதுவிலக்கைச் சேர்ப்பது பற்றி 1948 நவம்பர் 24 அன்று நடந்த விவாதத்தில் மூன்று கேள்விகளும் ஒரே அவையில் எழுந்தன. காந்தியப் பற்றாளர்கள் அதைத் தேசியக் கடமையாக முன்வைத்தனர். கோலாப்பூரைச் சேர்ந்த பி.எச். கர்தேகர் தனிமனித சுதந்திரத்தின் பெயரால் எதிர்த்தார். ஆதிவாசிகளின் பிரதிநிதி ஜெய்பால் சிங் எழுப்பிய எதிர்ப்பு வேறு வகையானது. ஆதிவாசிகளின் வழிபாட்டிலும் விழாக்களிலும் அரிசியில் வடித்த மது பிரிக்க முடியாத பங்கு வகிக்கிறது. அம்மக்களைக் கேளாமல் அவர்களுடைய சமய வாழ்வில் குறுக்கிடும் உரிமை யாருக்கும் இல்லை என்றார் அவர். ஒரு சமூகத்தின் ஒழுக்கம் மற்றொரு சமூகத்தின்மேல் சட்டமாக இறங்கும் ஆபத்தை இவ்வளவு தெளிவாக எடுத்துக்காட்டிய குரல்கள் அந்த அவையில் குறைவு.

மதுவிலக்கைச் சேர்க்கும் திருத்தத்தை அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். அதே நேரம், இது வழிகாட்டும் நெறிதான் என்றும், எப்போது எவ்வாறு நிறைவேற்றுவது என்பது அரசுகளின் விருப்பத்துக்கு உரியது என்றும் விளக்கினார். பழங்குடிப் பகுதிகளுக்கான தனிப் பாதுகாப்புகளையும் சுட்டிக்காட்டினார். அதன் விளைவே இன்றைய 47ஆவது உறுப்பு. மருத்துவத் தேவை நீங்கலாக, போதை தரும் குடிவகைகளையும் உடல்நலத்துக்குக் கேடான மருந்துகளையும் தடைசெய்ய அரசு முயல வேண்டும் என்று அது கூறுகிறது. நீதிமன்றத்தால் அதைக் கட்டாயப்படுத்த முடியாது. ஓர் அறத்தைப் பொது இலக்காக அறிவித்து, கட்டாயத்தின் அளவை மக்களாட்சியின் முடிவுக்கு விட்ட இந்த ஏற்பாடு, பன்மைச் சமூகம் ஒன்று கண்டெடுத்த முதிர்ந்த தீர்வாகும்.

6. கருவூலமும் மனச்சான்றும்

தமிழ்நாட்டில் 1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணாதுரை, வருவாய் நெருக்கடிக்கு இடையிலும் மதுவிலக்கைத் தொடர்ந்தார். 1971 ஆகஸ்ட் 30 முதல் மு. கருணாநிதி அரசு அதை ஒத்திவைத்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டுவரும் மாநிலங்களுக்கு மத்திய அரசு அறிவித்த உதவி, முன்பே அதை நடைமுறையில் வைத்திருந்த தமிழ்நாட்டுக்குக் கிடைக்கவில்லை என்பது அரசு சொன்ன முக்கியக் காரணம். முதுமையிலும் இராஜாஜி முதல்வரின் இல்லம் சென்று அந்த முடிவைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார். 1974க்குள் கடைகள் மீண்டும் மூடப்பட்டன.

எம்.ஜி. இராமச்சந்திரனின் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. குடிக்காத நாயகன் என்பது அவருடைய திரை வாழ்வின் அடையாளம். தனி வாழ்விலும் மதுவைத் தவிர்த்தவராக அறியப்பட்டார். அவருடைய ஆட்சியில்தான் 1981இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் கடைகள் திறக்கப்பட்டன. 1983இல் அரசின் மது வாணிக நிறுவனமான டாஸ்மாக் தோன்றியது. 1987இல் கள்ளும் சாராயமும் தடைசெய்யப்பட்டன. ஆலைகளில் தயாராகும் மது விற்பனை நீடித்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சி சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தது. பனையேறிகள் இறக்கும் கள் குற்றம், ஆலை மது சட்டப்படியானது என்ற நிலை இன்றும் தொடர்கிறது. கள் இறக்க உரிமை கேட்கும் விவசாயிகளும் பனைத் தொழிலாளரும் தொடர்ந்து எழுப்பும் கேள்வி நியாயமானது: குடி தீமை என்றால் இரண்டும் தீமை, அரசு ஒன்றை விற்று மற்றொன்றைத் தண்டிப்பதற்கு எந்த அறம் துணை நிற்கிறது? விலையை யார் தருவது என்ற கேள்விக்கு இங்கே கிடைத்துள்ள விடை, மரம் ஏறிப் பிழைக்கும் எளியவர் தர வேண்டும் என்பதாக இருக்கிறது.

இத்தகைய முடிவுகளை மதிப்பிட ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக் நகரில் ஆற்றிய உரை உதவுகிறது. நம்பிக்கையின் அறம், பொறுப்பின் அறம் என இரண்டை அவர் பிரித்தார். முதலாவதைக் கொண்டவர் சரியானதைச் செய்துவிட்டு விளைவைக் கடவுளிடம் விடுகிறார். இரண்டாவதைக் கொண்டவர் தம் செயலின் முன்கூட்டி அறியத்தக்க விளைவுகளுக்கும் தாமே பொறுப்பேற்கிறார். கள்ளச்சாராய மரணங்களைத் தவிர்க்கக் கடை திறந்ததாகச் சொல்லும் ஆட்சியாளர் பொறுப்பின் அறத்தைப் பேசுகிறார். ஆனால் அந்த அறத்தின் பெயரைச் சொல்பவர், கடை திறந்ததால் நேரும் விளைவுகளுக்கும் பொறுப்பேற்றாக வேண்டும். கருவூலம் நிரம்புவதை மட்டும் கணக்கில் எடுத்து, குடும்பங்கள் வறள்வதைக் கணக்கில் விடுவது வேபர் சொன்ன பொறுப்பாகாது.

7. பெண்களின் குரல்

1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எழுந்த சாராய எதிர்ப்பு இயக்கம் முதல் கேள்வியை வேறு உயரத்துக்குக் கொண்டுசென்றது. முதியோர் கல்வி வகுப்புகளில் எழுத்துக் கற்ற பெண்கள், பாடநூலில் வந்த சாராயக்கடைக் கதையைத் தம் வாழ்வோடு பொருத்திப் பார்த்தனர். துபகுண்டா என்னும் சிற்றூரில் அவர்கள் தொடங்கிய போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. தூய்மையோ சமயக் கட்டளையோ அவர்களுடைய வாதம் அன்று. கூலி வீடு வந்து சேரவில்லை, அடி மட்டும் வந்து சேர்கிறது என்பதே. 1993இல் சாராயம் தடைசெய்யப்பட்டது, 1995இல் என்.டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

குடி குடிப்பவரின் சொந்தச் செயல் என்ற மில்லின் வாதத்துக்கு இந்தப் பெண்கள் தந்த மறுமொழி வலுவானது. வீட்டுக்குள் நடக்கும் தீங்கு, தனி வாழ்வு என்ற திரைக்குப் பின்னால் நெடுங்காலம் எண்ணப்படாமல் கிடந்தது. பாதிக்கப்படுபவர் பேசத் தொடங்கியபோது, தனிமனித விஷயம் பொது விஷயமாயிற்று. தமிழ்நாட்டிலும் 2015இல் பெண்களும் மாணவர்களும் மதுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டனர். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரு பெரும் கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாகத் தர நேர்ந்தது.

8. முடிவு

தனிமனித அறத்துக்கும் அரசியல் கொள்கைக்கும் உள்ள உறவு விதைக்கும் மரத்துக்கும் உள்ளது போன்றதன்று. ஒரு விதையிலிருந்து ஒரே வகை மரம்தான் முளைக்கும். குடியாமை என்ற ஒரே விழுமியத்திலிருந்து மில்லின் மறுப்பும் கிரீனின் ஆதரவும், பெரியாரின் மறியலும் அவரது பிற்கால எதிர்ப்பும், காந்தியின் தேசியமும் நெல்லூர்ப் பெண்களின் நீதியும் வந்திருக்கின்றன. இடையில் நிற்கும் மூன்று கேள்விகளே இந்த வேறுபாடுகளை உண்டாக்கின.

இதிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவது, மாற்றுக் கொள்கையாளரை ஒழுக்கம் அற்றவர் என்று கருதுவது பெரும்பாலும் பிழை; பலவேளைகளில் அவர் அதே அறத்தைக் கொண்டு வேறு விடைக்கு வந்தவர். இரண்டாவது, ஒரு தலைவரின் தனி ஒழுக்கம் அவருடைய ஆட்சி எப்படி இருக்கும் என்பதற்கு உறுதி ஆகாது; குடிக்காதவரின் ஆட்சி கடை திறக்கலாம். அவரைச் சோதிக்க வேண்டிய இடம் அந்த மூன்று கேள்விகளுக்கு அவர் தரும் விடையும், தம் கட்சிக்கும் மாற்றாருக்கும் அதே அளவுகோலை அவர் பயன்படுத்துகிறாரா என்பதுமே. மூன்றாவது, அறத்தின் பெயரால் கேட்கப்படும் எந்தச் சட்டத்தையும் அதன் விலை யார் தலையில் விழுகிறது என்பதைக் கொண்டு நிறுத்துப் பார்க்க வேண்டும். தென்னையை வெட்டியவர் தம் சொத்தை இழந்தார். விற்பனை வரி விதித்தவர் அனைவரையும் பகிரச் சொன்னார். கள்ளைத் தடுத்து ஆலை மதுவை விற்கும் ஏற்பாடு பனையேறியை இழக்கச் சொல்கிறது. அறம் என்ற ஒரே சொல்லால் இம்மூன்றையும் குறிப்பிடலாம். அரசியல் நீதி என்ற அளவுகோலில் இவை மூன்றும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் காணப் பழகுவதே குடிமக்களின் அரசியல் அறிவு.